கைதட்ட மட்டும் நாங்களா?

வடசென்னைக்காரனுக்குக் கிரிக்கெட் பார்க்கத் தெரியும். ஆடுறதுன்னா அது புட்பால்தான். கிரிக்கெட்டுக்குப் பேட்டு வேணும், பேடு வேணும், கிளவுஸ் வேணும், வெள்ளை உடுப்பு வேணும், அதைத் துவைத்துப்போட வீட்டில் ஒருத்தி வேணும். புட்பாலுக்கு ஒரு பந்து போதும். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கின ஒரே பந்தில் இருபது பேரும் ஆடலாம். செங்கல்லோ செருப்போ ரெண்டு வச்சா கோல் போஸ்ட்டு. ஒருத்தனை ஒருத்தன் இடிச்சு, தள்ளி, உரசி, வேர்வையோடு வேர்வை கலந்து ஆடுற ஆட்டம். தொட்டால் தீட்டு என்று சொல்கிற சமூகத்தில், தொடாமல் ஆடவே முடியாத ஒரு ஆட்டத்தைச் சேரி தன் ஆட்டமாக எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் மில்லுக்கும் வேலைக்குப் போன எங்கள் தாத்தாக்கள், வெள்ளைக்காரனும் ஆங்கிலோ இந்தியனும் ஆடியதைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்ட ஆட்டம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வியாசர்பாடியைக் ‘குட்டி பிரேசில்’ என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். எழுதுகிற அதே கை மறுநாள் அதே வியாசர்பாடியை ரவுடிகளின் கூடாரம் என்றும் எழுதும். அது வேறு கதை.

2014-ஐ நாங்கள் மறக்க மாட்டோம். அந்த வருஷம் செப்டம்பர் 26-ஆம் தேதி பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வெளிவந்தது. வியாசர்பாடி பையன்கள் பந்து ஆடுவதை, காதலிப்பதை, ஒரு சுவருக்காகச் சாவதைத் திரையில் பார்த்தோம். பதினாறு நாள் கழித்து, அக்டோபர் 12-ஆம் தேதி, இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. முதல் வருஷம் எட்டு அணி. அதில் சென்னைக்கும் ஒன்று. ஆட்டம் நடக்கிற நேரு ஸ்டேடியம் பெரியமேட்டில், எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில். ஷேர் ஆட்டோவில் போனோம், நடந்தும் போனோம். 2015-இல் சென்னை அணி கோப்பையை அடித்தது. 2018 மார்ச்சில் பெங்களூருவை அவன் மண்ணிலேயே 3-2 என்று தோற்கடித்து மறுபடியும் அடித்தது. வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ் அந்த அணியில் ஆடினார். கேலரியில் உட்கார்ந்து, ‘நம்ம ஏரியாடா’ என்று தொண்டை கிழியக் கத்தினோம்.

அப்போதே ஒரு விஷயம் கண்ணில் உறுத்தியது. புட்பால் லீக் தொடங்குகிறான். விளம்பரத்துக்கு நிற்கிற முகம் எல்லாம் கிரிக்கெட் முகம், சினிமா முகம். சென்னைக்கு அபிஷேக் பச்சனும் தோனியும். கொச்சிக்கு டெண்டுல்கர். கொல்கத்தாவுக்குக் கங்குலி. கோவாவுக்குக் கோலி. பந்தை உதைத்தே வாழ்க்கையைத் தேய்த்தவன் ஒருத்தனாவது ஓனர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறானா என்று தேடினோம். பிளாஸ்டிக் நாற்காலியில் கூட அவனைக் காணோம்.

அந்த ஓனர்களும், அவர்களுக்கு மேலே இருக்கிற கம்பெனியும், அதற்கும் மேலே இருக்கிற சம்மேளனமும் சேர்ந்து 2025-இல் என்ன செய்தார்கள் என்று ஊரே பார்த்தது. 2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம், தன் ஆட்டத்தை விற்றுக் காசாக்கும் உரிமையை 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி. ரிலையன்ஸிடம் எழுதிக்கொடுத்தது. அந்தப் பத்திரம் 2025 டிசம்பரில் முடிகிறது என்பது கையெழுத்துப் போட்ட அன்றே தெரிந்த விஷயம். ஆனாலும் 2025 ஜூலை 11-ஆம் தேதி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் இந்த வருஷம் லீக் நிறுத்திவைக்கப்படுகிறது என்று லீக்கை நடத்துகிற கம்பெனி சொல்லிவிட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி தன் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதே வாரம் சென்னை அணியும் தன் வேலைகளை நிறுத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில். பிறகு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு ஆள் கூட ஏலம் கேட்க வரவில்லை. 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி உள்ளிட்ட ஆட்டக்காரர்கள், எங்களைக் காப்பாற்று என்று உலகச் சம்மேளனத்துக்கு வீடியோ போட்டார்கள். அதற்கப்புறம்தான், பிப்ரவரி 14-ஆம் தேதி 14 அணிகளோடு லீக் தொடங்கும் என்று விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்தார்.

இந்த ஏழு மாதத்தில் ஓனர்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. எங்கள் தெருவில் 17 வயசுப் பையன் ஒருத்தன் இருக்கிறான். இடது காலில் நல்ல உதை. அவன் என்னிடம் கேட்டான்: “ண்ணா, மேல லீக்கே இல்லன்னா கீழ நாங்க எதுக்குணா ஆடணும்? எங்கம்மா வண்டி வாங்கித் தரேன், டெலிவரிக்குப் போடான்னுது.” இதற்கு என்னிடம் சித்தாந்தம் இருந்தது, பதில் இல்லை. அவன் வண்டி ஓட்டப் போய்விட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வயசுப் பையன்கள் பந்தோடு நிற்கிற நேரத்தில், அவன் யாரோ ஒருத்தருக்குப் பிரியாணி கொண்டுபோகிறான்.

எங்கள் பக்கத்தில் பந்து என்பது பொழுதுபோக்கு அல்ல. ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ் என்று அணி வைத்திருந்த இடங்களில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நுழைந்த ஒருத்தன், தன் வீட்டை மட்டுமல்ல, தன் தெருவையே தூக்கி நிறுத்தியிருக்கிறான். சாயங்காலம் மைதானத்தில் இருக்கிற பையனைப் போலீஸ் சந்தேகக் கேஸில் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம். மைதானம் இல்லாத பையனைப் பிடிப்பது ரொம்பச் சுலபம். அதனால் லீக் நின்றதைப் பேப்பரின் கடைசிப் பக்கச் சேதியாக எங்களால் படிக்க முடியவில்லை.

ரசிகன் பொறுமை இழந்துவிட்டான் என்று இப்போது எழுதுகிறார்கள். என்றைக்கோ இழந்தாயிற்று. 2021 ஜூலையில், முதலீட்டாளருக்கும் கிளப் நிர்வாகத்துக்கும் நடந்த ஒப்பந்தத் தகராறில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கிளப் வாசலில் கூடினார்கள். போலீஸ் தடியால் அடித்தது. 1889-இல் பிறந்த மோகன் பகானை 2020-இல் ஆறு வயசு ஏ.டி.கே.யோடு சேர்த்து, பெயருக்கு முன்னால் அந்த மூன்று எழுத்தை ஒட்டினார்கள். 1911-இல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரனைத் தோற்கடித்த அணி அது. ரசிகர்கள் மூணு வருஷம் விடாமல் போராடி 2023-இல் அந்த ஒட்டை உரித்தார்கள். 2024 டிசம்பரில் கேரளாவின் மஞ்சப்படை, நிர்வாகம் திருந்தாதவரை டிக்கெட் வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. 2024 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கொல்கத்தாவில் நடந்தது இன்னும் பெரிசு. ஆர்.ஜி.கர் மருத்துவமனைக் கொலைக்கு நீதி கேட்டு ஊர் கொதித்துக்கொண்டிருந்தபோது, பாதுகாப்பு இல்லை என்று டெர்பி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று ஜென்மப் பகையாளிகள் மூணு பேரும் ஸ்டேடியத்துக்கு வெளியே தோள்மேல் தோள் போட்டு நின்று தடியடி வாங்கினார்கள்.

இந்தக் கோபத்தில் ரெண்டு வகை இருக்கிறது. 2025 டிசம்பர் 13-ஆம் தேதி மெஸ்ஸியைக் கொல்கத்தாவுக்குக் கூட்டிவந்தார்கள். நாட்டின் லீக் முடங்கிக் கிடக்கிற நேரம்! ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வந்தவன் கேலரியில். மெஸ்ஸியைச் சுற்றி அரசியல்வாதியும் வி.ஐ.பி.யும் செல்ஃபியும். கொஞ்ச நேரத்தில் மெஸ்ஸி போய்விட்டார். ஜனம் பாட்டிலை வீசியது, நாற்காலியைப் பிய்த்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது காசு கொடுத்தவனுடைய கோபம், சரக்கு சரியில்லை என்கிற வாடிக்கையாளன் கோபம். எங்களுடையது அது இல்லை. நாங்கள் இந்த ஆட்டத்துக்கு உடம்பைக் கொடுத்தவர்கள். எங்கள் கோபம் கூலி கேட்கிறவன் கோபம்.

தலித் பார்வையில் இந்த லீக்கின் அமைப்பைப் பார்த்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் லீக் என்பது ஏணி. தோற்றவன் கீழே இறங்குவான், ஜெயித்தவன் மேலே ஏறுவான். இந்தியன் சூப்பர் லீக்கில் 2014-இலிருந்து 2025 வரை ஒரே ஒரு அணி கூடக் கீழே இறக்கப்படவில்லை. காசு கட்டிப் பிறந்தவன் கடைசி இடத்தில் வந்தாலும் மேல்சாதிதான். இன்னொரு பக்கம், 2017-இல் மிசோரம் மலையிலிருந்து வந்த ஐஸ்வால் என்கிற சின்ன அணி ஐ-லீக் சாம்பியன் ஆனது. அவனுக்குக் கதவு திறக்கவில்லை. தகுதி, தகுதி என்று இடஒதுக்கீட்டை எதிர்த்து வாய் கிழியப் பேசுகிற நாட்டில் தகுதியின் கதி இதுதான். ஐ-லீக்கில் ஜெயிப்பவன் மேலே வரலாம் என்ற வழியே 2023-இல்தான் திறந்தது. படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதை விளக்க, வகுப்பில் மனு தர்மத்தை எடுக்க வேண்டாம். இந்த லீக்கின் பத்து வருஷப் புள்ளிப் பட்டியலை எடுத்தால் போதும்.

இன்னொன்று, ஓனர் நினைத்தால் அணியைத் தூக்கிக்கொண்டு போவது. டெல்லி அணி 2019-இல் புவனேசுவரம் போய் ஒடிசா ஆனது. புனே அணி அதே வருஷம் மூடப்பட்டு அந்த இடத்தில் ஹைதராபாத் வந்தது. ஹைதராபாத் 2022-இல் கோப்பை அடித்தது. ரெண்டே வருஷத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்துக் கடைசி இடத்துக்கு வந்தது. 2025-இல் அதுவும் டெல்லிக்குப் பெயர்ந்துவிட்டது. பண்ணையார் நிலத்தை விற்றபோது பண்ணையாளையும் சேர்த்து விற்றான். இவர்கள் ஆளை அங்கேயே விட்டுவிட்டு நிலத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். ரசிகன் கையில் பழைய ஜெர்சி மட்டும் மிச்சம்.

உடம்பு வேணும், தலைமை கொடுக்க மாட்டோம் என்பது இந்த நாட்டு விளையாட்டில் பழைய சங்கதி. பல்வாங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அவரை இந்துக்கள் அணிக்குக் கேப்டன் ஆக்கவில்லை. சமார் சாதியில் பிறந்தவர். தம்பி விட்டலுக்கு அந்தத் தலைமை 1923-இல்தான் கிடைத்தது, அதுவும் சண்டை போட்ட பிறகு. இன்றைக்குச் சேரிப் பையனை அணியில் எடுக்கிறான், போஸ்டரில் போடுகிறான். கணக்கு எழுதுகிற அறைக்குள் மட்டும் அவன் இன்னும் நுழையவில்லை.

இது ஓனர்கள் உலகத்தின் இயல்பு, மாற்ற முடியாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2021 ஏப்ரல் 18-ஆம் தேதி ஐரோப்பாவில் 12 பணக்கார கிளப்புகள் சேர்ந்து தங்களுக்கென்று தனி லீக் அறிவித்தன. ஓனர் அணிகளுக்கு இறக்கமே கிடையாது. நம்ம ஊர் மாடல்! ரெண்டே நாளில், லண்டனில் செல்சி ரசிகர்கள் தங்கள் சொந்த அணியின் பஸ்ஸையே மறித்து ரோட்டில் நின்றார்கள். இங்கிலாந்தின் ஆறு கிளப்பும் பின்வாங்கின. ஜெர்மனியில், சில விதிவிலக்கு தவிர, கிளப்பின் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி. அங்கே 2024 பிப்ரவரியில், லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் பங்கை முதலீட்டாளனுக்கு விற்கப் பார்த்தார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்தை வீசி வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அவனுக்கு ஓட்டு இருக்கிறது, அதனால் அவன் கோபத்துக்கு எடை இருக்கிறது. நமக்குத் தொண்டை மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே, பாவம் புட்பால் என்று பரிதாபப்படுவதோடு தோழர்கள் நிறுத்திக்கொள்ளக் கூடாது. பண்பாட்டு அரசியல் பேசுகிற நாம் நாடகத்தை எடுத்தோம், பறையை எடுத்தோம்; பந்தையும் எடுக்க வேண்டும். சீசன் தொடங்குமுன் வருஷச் சம்பளத்தை டெபாசிட் கட்டாதவனுக்கு அணி கொடுக்காதே என்று கேட்க வேண்டும். மாவட்ட லீக்கிலிருந்து உச்சி வரைக்கும் உடையாத ஏணி கேட்க வேண்டும். ஒவ்வொரு கிளப் நிர்வாகத்திலும் ஓட்டுரிமையோடு ரசிகனுக்கு நாற்காலி கேட்க வேண்டும். அந்த நாற்காலியில் ஸ்டேடியத்துக்கு ஏ.சி. காரில் வருகிறவன் மட்டும் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் மைதானம் கேட்க வேண்டும். மணிக்கு ஆயிரம் ரூபாய் வாங்குகிற டர்ப்பு எங்கள் பிள்ளைகளுக்கு மைதானம் ஆகாது.

“இதெல்லாம் நடக்குமாப்பா?” என்று எங்கள் பகுதியில் நாற்பது வருஷமாகப் பையன்களுக்குப் பந்து சொல்லித்தருகிற பெரியவரிடம் கேட்டால், அவர் சிரிப்பார். “ஓனர் வருவான், போவான். பந்து இங்கதான்டா கீது” என்பார். சரிதான். ஆனால் பந்து இங்கே இருக்கிறது என்பதற்காகக் காசையும் கணக்கையும் அவனிடமே விட்டுவைக்க முடியாது. கேலரியில் நாங்கள் வாயை மூடினால் அவன் டி.வி.யில் விற்க ஒன்றுமே இல்லை. அந்தச் சத்தத்துக்கு என்ன விலை என்று இனி நாங்கள்தான் சொல்ல வேண்டும்.