செத்தவர்களைச் சாட்சிக்கு அழைத்தேன்

சபையின் வாலிபர் கூட்டங்களில் விசுவாசத்துக்கு ஆதாரம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

என்னிடம் இருந்த வாதங்களில் ஒன்று தோற்றதே இல்லை. உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்ணால் கண்டோம் என்று சீடர்கள் சொன்னார்கள். அதை மறுதலிக்காமல் உயிரைக் கொடுத்தார்கள். தானே கட்டிய பொய்க்காக எவனாவது சாவானா? இந்தக் கேள்வியோடு கொஞ்சம் நிறுத்துவேன். பிறகு பட்டியல். பேதுரு தலைகீழாகச் சிலுவையில். பற்தொலொமேயு உயிரோடு தோலுரிக்கப்பட்டு. கடைசியாக நம்ம தோமா, பரங்கிமலையில், ஜெபித்துக்கொண்டிருந்தபோது பாய்ந்த ஈட்டியோடு. சென்னைப் பிள்ளைகள் மின்சார ரயிலேறிப் போய்ப் பார்த்துவிடக்கூடிய ஆதாரம் அது. அந்த இடத்தில் சிலர் அழுவார்கள். அதற்காகவே அதைக் கடைசியில் வைத்திருந்தேன்.

பட்டியல் ஓட்டை என்பது எனக்குத் தெரியும். ஷான் மெக்டவல் என்ற அமெரிக்கர் அப்போஸ்தலர்களின் முடிவைப் பற்றி 2015இல் ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். அவர் விசுவாசி. இப்படிப்பட்ட வாதங்களைப் பிரபலமாக்கிய ஜாஷ் மெக்டவலின் மகன். அவரே ஒவ்வொரு சீடராக எடுத்து ஆராய்ந்து, சிலருடைய மரணத்தை மட்டுமே உறுதியாகச் சொல்கிறார். பேதுரு, பவுல், இரண்டு யாக்கோபுகள். மற்றவர்களில் பலருக்குச் சான்று மெலிந்துகொண்டே போகிறது. அந்த நூலை வாங்கினேன், படித்தேன். கூட்டத்துக்கு மட்டும் கொண்டுபோகவில்லை.

பேதுருவின் தலைகீழ்ச் சிலுவை ‘பேதுருவின் நடபடிகள்’ என்ற நூலில் வருகிறது. வேதாகமத்தில் சேராத நூல், இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதே நூலில் ஒரு நாய் மனிதக் குரலில் பேசும். ஜன்னலில் தொங்கிய கருவாட்டைப் பேதுரு தண்ணீரில் போடுவார், அது உயிர்பெற்று நீந்தும். சிலுவையை மேடைக்கு எடுத்துக்கொண்டு கருவாட்டைப் புத்தகத்திலேயே விட்டுவிட்டேன். எது வரலாறு, எது கதை என்று நான் எப்படிப் பிரித்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. எது உதவுமோ அதை எடுத்தேன்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. மறுதலித்தால் பிழைக்கலாம் என்று சொல்லியும் மறுதலிக்காமல் செத்தால்தான் அந்தச் சாவு சாட்சி. செபெதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது வாளால் கொன்றதை அப்போஸ்தலர் நடபடிகள் ஒரே வசனத்தில் முடிக்கிறது. பிழைக்க வழி கொடுத்தானா என்ற பேச்சே இல்லை. ரோம் 64இல் எரிந்தது. அந்தப் பழியில் நீரோ கிறிஸ்தவர்களைக் கொன்றதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அங்கும் மறுதலித்தவனுக்கு விடுதலை என்று எதுவும் இல்லை. மறுதலிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டதாக ரோம ஆளுநர் பிளினி எழுதுவது 112 வாக்கில். அதற்குள் சீடர்களின் தலைமுறையே போய்விட்டது. இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். என் கையெழுத்தில்தான்.

இனி அந்த மாலை. கேட்டவன் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவன். நான் தோமாவை முடித்ததும் எழுந்தான். கையில் ஃபோன். படித்துக்கொண்டிருந்த வரி நழுவாதிருக்கக் கட்டைவிரலைத் திரையிலேயே வைத்திருந்தான்.

“அண்ணா, மார்க்கோ போலோ வேற மாதிரி எழுதியிருக்காரே. தோமா ஜெபம் பண்ணிட்டு இருந்தாராம், சுத்தி மயில் இருந்துச்சாம். எவனோ மயிலுக்கு விட்ட அம்பு தவறி அவர்மேல பட்டுச்சாம். அப்போ அது ஆக்சிடெண்ட்தானே அண்ணா? இதைச் சாட்சின்னு எப்படி எடுத்துக்கறது?”

நேர்மையான பதில் என்னிடம் இருந்தது. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர், ஊரில் கேட்டதை எழுதினார். அதைவிடப் பழையது மூன்றாம் நூற்றாண்டின் ‘தோமாவின் நடபடிகள்’. அதில் அரசன் கட்டளைப்படி வீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள். ஆனால் அந்தக் கதையில் அரசனின் கோபம் வேறு. தோமாவின் போதனையைக் கேட்டு அரண்மனைப் பெண்கள், அரசி உட்பட, கணவன்மாரை விட்டு விலகிவிட்டார்கள். அந்த நூல் மயிலாப்பூரையும் சொல்லவில்லை, பரங்கிமலையையும் சொல்லவில்லை. இதைச் சொன்னால் அவனுக்குப் பதில் கிடைத்திருக்கும். எனக்குத் தோமா போயிருப்பார்.

நான் சொன்னது இது: “தம்பி, இதைக் கேக்கறது நீயா, உன்னைக் கேக்க வைக்கறவனா?”

சிரித்தார்கள். அவன் உட்காரவில்லை. பதிலுக்குக் காத்திருந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “எல்லாரும் கண்ணை மூடுங்க” என்றேன். அவன் பெயரைச் சொல்லி, சந்தேகத்தின் ஆவியிலிருந்து அவனை விடுவிக்கும்படி சத்தமாக ஜெபித்தேன். அதுவும் சந்தேகப்பட்ட தோமாவைப் பற்றிப் பேசிய கூட்டத்தில். ஜெபத்தை நான் கைகலப்புக்குப் பயன்படுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் திருப்பி அடிக்க முடியாது.

அதோடு விடவில்லை. “இவனைப் பிள்ளைங்ககிட்ட விடலாமான்னு யோசிங்க ஐயா” என்று ஆயரிடம் சொன்னேன். சில வாரங்களில் அவன் வகுப்பு வேறொருவருக்குப் போனது. காரணத்தை அவனிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு அவன் ஆராதனைக்கு வருவதும் நின்றது.

விசுவாசத்தைக் காக்கத்தான் செய்தேன் என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். நான் பயந்தது மேடை போய்விடுமோ என்று. இருபது வயதுப் பையன் ஒருவன், நான் ஒளித்து வைத்ததைப் பொதுவில் எடுத்துவிட்டான் என்ற கோபமும் இருந்தது. அவன் மரியாதையாகத்தான் கேட்டான். அதனால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அதன் பிறகும் அதே பேச்சை வேறு சபைகளில் பேசினேன். தோமாவை மட்டும் எடுத்துவிட்டேன், யாராவது மயிலைக் கேட்டுவிடுவார்களோ என்று.

நான் இன்றும் ஆலயத்துக்குப் போகிறேன். உயிர்த்தெழுதலை நம்புகிறேனா என்பது வேறு வழக்கு. அதைக் காட்டி இந்த வழக்கில் தண்டனையைக் குறைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. வகுப்பெடுப்பதை விட்டுவிட்டேன். ஆயரிடம் நடந்ததைச் சொன்னேன். “பழசை எதுக்குக் கிளறணும்” என்றார். அவனுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் நான் இல்லை.

அவன் அம்மா இருக்கிறார். ஞாயிறுதோறும் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருவார். மகன் ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டான் என்று நம்புகிறார். “அவனுக்காக ஜெபம் பண்ணுங்க தம்பி, நீங்க சொன்னா கேப்பான்” என்பார். “பண்றேன்மா” என்பேன். உங்கள் பையன் கேட்டது சரியான கேள்வி, தப்பு என்னுடையது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதுவது அதைவிட எளிதாக இருக்கிறது.