துருவும் மழையும்

கோல்ப் விளையாட்டைப் பற்றிச் சப்பிரகமுவத் தோட்டப்புறத்திலிருந்து ஒருவன் எழுதப் புகுவது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அவ்விளையாட்டுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1898ஆம் ஆண்டில் அமெரிக்கரான கோபேர்ன் ஹஸ்கெல் என்பவர் றப்பர் நூலை இறுகச் சுற்றிக் கோல்ப் பந்து செய்யும் முறையைக் கண்டார். அதன்பின் பல்லாண்டுகள் பந்தின் வயிற்றில் இருந்தது றப்பர் நூலே. இன்று செயற்கை றப்பர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1912இல் இரத்தினபுரியை எட்டிய களனிவெளி ரயில் பாதையும் கொழும்பு றோயல் கோல்ப் கழகத்தின் மைதானத்தை ஊடறுத்தே வந்தது. அவிசாவளைக்கு அப்பால் தண்டவாளம் இன்று இல்லை. மைதானத்தினூடே ரயில் இன்னும் ஓடுகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். என்னிடம் பௌதிகம் பயிலும் தோட்டத்து மாணவன் ஒருவன் சென்ற மாதம் பாடம் முடிந்தபின் தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்தான். அவனுடைய தமையன், கொழும்பிலன்று, வேறோர் ஊரில் கோல்ப் ஆடுவோரின் பையைச் சுமந்து பிழைப்பவன். ஆடுபவர் ஒருவரின் 'வெட்ஜ்' கோலில் துரு ஏறியிருந்ததைக் கண்டு, நல்லது செய்வதாக எண்ணித் தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் இட்டுத் துலக்கிவிட்டானாம். மறுநாள் மழைத் தூறலில் அவர் அடித்த பந்து விழுந்த இடத்தில் நில்லாமல் உருண்டோடிவிட்டது. துருவை நீக்கிப் பந்தின் சுழற்சியைக் கெடுத்துவிட்டாய் என்று சினந்து, அன்றைய கூலியையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் செய்தது பிழையா, சேர்?" என்று கேட்டான்.

வெட்ஜ் என்பது முகம் மிகவும் சாய்ந்த ஒரு கோல். குறுகிய தூரத்துக்குப் பந்தை உயர எழுப்பிக் குழியருகே இறக்குவதற்கு உரியது. பந்து பின்னோக்கிச் சுழன்றால்தான் இறங்கிய இடத்தில் நிற்கும். முழு வீச்சில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 முறை சுழலும். அத்தனை சுழற்சியையும் தருவது உராய்வே. பந்தும் இரும்பும் தொட்டிருப்பதோ ஒரு செக்கனில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கு நேரந்தான். அதற்கிடையில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று புகுந்துவிட்டால், பந்து இரும்பைப் பற்றாமல் அதன் முகத்தில் வழுக்கி ஏறுகிறது. வழமையிலும் உயரமாக எழும். சுழற்சி பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் இரத்தினபுரிப் பக்கத்தில், தேய்ந்த செருப்புடன் லயத்துப் படி இறங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நீரை வெளியேற்றவே கோலின் முகத்தில் வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கின்றன. டயரில் உள்ள வரிகளின் வேலையும் அதுவே. (வரி தேய்ந்த டயரோடு மலைப்பாதையில் மழையில் ஓடும் பஸ்ஸை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது, அதைப் பிறிதொரு நாள் எழுதுவேன்.) இப்பள்ளங்கள் அளவுக்கு மீறிச் சுழற்சி தருகின்றன என்று கருதி, 2010 முதல் அவற்றின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் விதியால் வரம்பு கட்டினார்கள்.

குரோமியம் பூசிய கோல் மினுங்கும், பூசாதது துருவேறும். துரு ஒளியை மழுக்கிக் கண் கூசாமல் காக்கும் என்பது உண்மை. துருவே பந்தைப் பற்றி இழுக்கும் என்பது ஆடுவோரிடையே வேரூன்றிய நம்பிக்கை. அதனால் வரும் வேறுபாடு மிகச் சிறிது. நீர்ப்படலம் செய்யும் கேட்டுக்கு முன் அது எம்மட்டு? ஈரத்தில் மெய்யாகவே உதவக்கூடிய பூச்சு, நீரை ஒட்டவிடாத பூச்சாகும். சேம்பிலையில் விழுந்த மழைத்துளி பரவாமல் உருண்டு ஓடுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பிங் என்ற அமெரிக்க நிறுவனம் 2017இல் இவ்வகைப் பூச்சிட்ட வெட்ஜ் கோல்களை வெளியிட்டது. அவையும் நீரைக் குறைக்குமேயன்றி மழையை வெல்வதில்லை.

"அரமோ மணற்கடதாசியோ போட்டானா?" என்று கேட்டேன். இல்லை என்றான். போட்டிருந்தால் விளிம்புகள் மழுங்கியிருக்கும். ஒரு நாள் பொச்சுக்கும் சாம்பலுக்கும் உருக்கின் விளிம்பைத் தேய்க்கும் வலிமை ஏது? பிறர் பொருளைக் கேளாமல் துலக்கியது முறையன்றுதான். ஆயினும் பந்தை ஓடவிட்டது மழை. அதற்காக ஓர் ஏழையின் கூலியைப் பிடித்தது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இவற்றையெல்லாம் படம் வரைந்து எழுதிக் கொடுத்தேன். அவன் அதைத் தொலைபேசியில் படம் எடுத்துத் தமையனுக்கு அனுப்பினான்.

"அப்படியானால் மழையில் என்னதான் செய்வது, சேர்?"

"அடிக்குமுன் கோலின் முகத்தை உலர்ந்த துவாயால் துடைக்க வேண்டும், தம்பி. பந்தைத் துடைக்க விதி எல்லா இடத்திலும் இடம் தராது. கோலை எப்போதும் துடைக்கலாம். அது பை சுமப்பவரின் வேலை."

சற்று நேரம் அவன் பேசவில்லை. பின்பு, "அண்ணனுக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு துவாய், சேர். மழை நாளில் அது மத்தியானத்துக்குள் நனைந்துவிடும்" என்றான்.

வீட்டில் இருந்த பழைய துவாய்கள் இரண்டை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றைப் பையினுள்ளே, நனையாத இடத்தில் வைத்திருக்கச் சொல்லும்படி கூறினேன்.