பெயரில்லாத உழைப்பு: கைலாசபுரத்துத் தாய் ஒருவரின் வாழ்வு

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் திருவெறும்பூரை அடுத்துள்ள கைலாசபுரம், செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் தொழில்நுட்ப உதவியுடன் 1960களின் நடுப்பகுதியில் நிறுவப்பட்ட பாரத மிகுமின் நிறுவனக் (பெல்) கொதிகலன் ஆலையின் பணியாளர்களுக்காக எழுந்த நகரியம் ஆகும். நகரியம் என்பது வீடு, பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு ஆகியவற்றை ஆலை நிர்வாகமே அமைத்துப் பராமரிக்கும் குடியிருப்பு. இங்குள்ள வீடுகளுக்குக் குவார்ட்டர்ஸ் என்று பெயர். அவை பணியாளரின் பெயரில் ஒதுக்கப்பட்டு, அவர் ஓய்வு பெற்றதும் திரும்ப ஒப்படைக்கப்படுபவை என்பதால், இங்கே வளர்ந்து வெளிநாட்டில் குடியேறியவர்களுக்குத் தாய்வீடு என்று வந்து சேர ஒரு வாசல் இருப்பதில்லை. தாயின் மறைவுக்குப் பின் பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு வந்த மகள் ஒருவருக்கும் இதுவே நிலையாயிற்று.

அவருடைய தாய் 1970களில் காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து மணமகளாக இந்நகரியத்துக்கு வந்தவர். ஆலையில் வேலை ஷிப்ட் முறையில் நடந்தது. அதாவது ஒரு நாளின் பொழுதை மூன்றாகப் பகுத்து, தொழிலாளர்கள் முறைமாற்றிப் பணிக்குச் செல்வர். இம்முறை ஆலைக்குள் மட்டும் நிற்கவில்லை. கணவர் முதல் ஷிப்டுக்குச் செல்லும் வாரத்தில் பொழுது புலரும் முன்பே அடுப்பு எரிந்தாக வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்து அவர் பகலில் உறங்கும் வாரத்தில், பிள்ளைகளின் பாடமும் விளையாட்டும் சண்டையும் அவர் காதில் விழாதபடி வீட்டை நடத்தியாக வேண்டும். மூன்று ஷிப்டுக்கும் விழித்திருந்தவர் அந்தத் தாய் ஒருவரே என்று சொன்னால் அது மிகையன்று. கொதிகலன்கள் நாட்டின் அனல்மின் நிலையங்களுக்குச் சென்ற வரலாறு நன்கு பதிவாகியுள்ளது. அவற்றைச் செய்த கைகளுக்குச் சோறிட்டவர்களின் வரலாறும் அதே அக்கறையுடன் எழுதப்பட வேண்டியது.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்ணை உழைக்காதோர் பட்டியலில் சேர்க்கிறது. ஆனால் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வோ, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுவதாகக் காட்டுகிறது. இவ்வுழைப்புக்கு ஓர் அங்கீகாரமாகத் தமிழ்நாடு அரசு, தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, இத்தாய் உயிருடன் இல்லை.

கணவரின் பணி ஓய்வுக்குப் பின் குடும்பம் ஸ்ரீரங்கத்துக்கு இடம்பெயர்ந்தது. 1987இல் குடமுழுக்குக் கண்ட 236 அடி உயர ராஜகோபுரத்தைக் கடந்து உத்தர வீதி, சித்திரை வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த தெருக்களில், பழைய ஓட்டு வீடுகள் பல அடுக்குமாடிகளாக மாறியிருந்தன. அவற்றுள் ஒன்றில் அவர் பாட்டியாக வாழ்ந்தார். அமைதியாக அரங்கனைச் சேவித்திருக்கலாம். ஆனால் பேரக்குழந்தை பிறக்கும் ஒவ்வொரு முறையும், பொதுவாக ஆறு மாதம் வரை தங்க இடம் தரும் பார்வையாளர் விசாவில் அமெரிக்கா சென்று பேறுகாலம் பார்த்தார். பேறுகாலம் பார்த்தல் என்பது பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்து, சிசுவைக் கால்மீது கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இரவெல்லாம் ஏந்தி உறங்க வைப்பதாகும். பனி பெய்யும் ஊரில், மொழி தெரியாத தெருவில், நடந்து போக ஒரு கோயிலும் இல்லாமல் அவர் கழித்த அம்மாதங்களின் தனிமையை, மகள் தாமே பாட்டியாகும் வயதை நெருங்கிய பின்னரே உணர்ந்தார்.

கைலாசபுரத்தில் அந்தக் குவார்ட்டர்ஸில் இப்போது வேறொரு குடும்பம் வாழ்கிறது. மகளை அவர்கள் அன்புடன் உள்ளே அழைத்துக் காபி கொடுத்தனர். சமையலறை அவர் நினைவிலிருந்ததைவிட மிகச் சிறியதாயிருந்தது. தாயைப் பற்றிய செய்தி அங்கே கிடைக்கவில்லை. திருவெறும்பூரிலேயே வீடு கட்டித் தங்கிவிட்ட பழைய அண்டைவீட்டுக்காரர் ஒருவரிடம்தான் அது இருந்தது. கேரளத்திலிருந்து வந்து, உறவினர் எவரும் அருகில் இல்லாமல் முதற்பிள்ளையைப் பெற்ற அவருக்கு நாற்பது நாளும் பத்தியம் சமைத்துப் போட்டவர் இந்தத் தாய். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் ஆகியவற்றைப் திருச்சிப் பெரிய கடைவீதி நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறும் பிரசவ லேகியத்தின் அளவை அத்தாய் தமிழில் சொல்ல, அண்டைவீட்டார் மலையாளத்தில் எழுதி வைத்திருந்தார். அந்த அளவின்படியே அவர் தம் இரு மகள்களுக்கும் லேகியம் கிளறியிருக்கிறார். தாயின் சமையலை எழுதி வைக்க ஒருபோதும் தோன்றாத மகள், அதை வரி வரியாகத் தமிழில் படியெடுத்துக்கொண்டு, சுக்கும் திப்பிலியும் வாங்க மறுநாள் காலை பெரிய கடைவீதிக்குப் புறப்பட்டார்.