திசைவேகம்

வேகத்திற்கும் திசைவேகத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி இயற்பியலில் படித்து, தேர்வெழுதி, மறந்தும் போனவர்கள் நாம். முதுகலையில் தமிழிலக்கியம் பயின்று, பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பித்துவரும் நமக்கு அச்சொல் மீண்டும் எதிர்ப்பட்டது, ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோதுதான். "ஆர்.என்.ஏ. வெலாசிட்டியைத் தமிழில் எப்படிச் சொல்வது, சித்தப்பா?" என்றாள். பொருள் விளங்காமல் சொல் தர இயலாது என்றோம். மடிக்கணினியைத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் நமக்குப் பாடம் நடத்தினாள்.

ஓர் உயிரணுவில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை, அதிலுள்ள ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை எண்ணி அறியலாம். ஆயிரக்கணக்கான உயிரணுக்களைத் தனித்தனியே எண்ணும் முறைகள் இன்று உள்ளன. ஆனால் எண்ணுவதற்கு உயிரணுவை உடைத்தாக வேண்டும். உடைத்த உயிரணு நாளை என்னவாக மாறியிருக்கும் என்று காண வழியில்லை. கையில் எஞ்சுவது ஒரு கணத்தின் நிழற்படம் மட்டுமே.

அந்த ஒற்றைப் படத்திலிருந்தே எதிர்காலத்தை ஊகிக்க ஒரு வழி உண்டு. மரபணுவிலிருந்து புதிதாகப் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வின் இடையிடையே இன்ட்ரான் எனும் பகுதிகள் இருக்கும். 1977-ல் கண்டறியப்பட்ட இவற்றுக்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவரும் 1993-ல் நோபல் பரிசு பெற்றனர். இன்ட்ரான்கள் வெட்டி நீக்கப்பட்ட பின்னரே ஆர்.என்.ஏ. முதிர்கிறது, பிறகு சிதைகிறது. இட்லிக் கடையில் அவித்த இட்லிக்கு மிஞ்சி மாவு நிறைந்திருந்தால் வியாபாரம் சூடு பிடிக்கிறது என்றும், இட்லி இருந்து மாவு தீர்ந்திருந்தால் கடை கட்டும் நேரம் என்றும் உணர்கிறோம் அல்லவா? அதுபோல, வெட்டப்படாத ஆர்.என்.ஏ. மிகுந்திருந்தால் அம்மரபணுவின் இயக்கம் ஏறுகிறது, குறைந்திருந்தால் இறங்குகிறது.

இவ்வெண்ணத்தை லா மன்னோ, லின்னார்சன், கார்ச்சென்கோ முதலியோர் 2018-ல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். அவர்களது மென்பொருளின் பெயர் வெலோசைட்டோ. படித்தறிந்த ஆர்.என்.ஏ. துணுக்குகளில் 15 முதல் 25 விழுக்காடு வெட்டப்படாத பகுதிகளைக் கொண்டிருந்தன, அவற்றையே சான்றாக்கினர். 2020-ல் மியூனிக்கிலிருந்து பெர்கன், தைஸ் முதலியோர் எஸ்சிவெலோ என்ற பைதான் மென்பொருளைத் தந்தனர். படியெடுத்தல், வெட்டுதல், சிதைதல் ஆகிய மூன்றின் வீதங்களையும் அது மரபணுதோறும் தனித்தனியே கணிக்கிறது. எலிக்கருவின் கணையத்திலிருந்து பெற்ற 3,696 உயிரணுக்களின் படத்தை அண்ணன் மகள் காட்டினாள். புள்ளிகளின் மேல் அம்புக்குறிகள் ஆற்றொழுக்காக ஓடி, இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களிலும் அவற்றின் உடன்பிறப்புகளிலும் சென்று முடிந்தன. நாம் வியந்து நின்றோம்.

இரண்டாம் மாலை அவள் தன் சொந்தப் படத்தைத் திறந்தாள். அதில் இரு கிளைகள். ஒன்றில், அவளுடைய நெறியாளர் நெடுநாளாக எதிர்பார்த்திருந்த புதுத் தடத்தில் அம்புகள் நேராகச் சென்றன. மற்றொன்று இரத்தச் சிவப்பணுக் கிளை. அங்கே முதிர்ந்த அணுக்களிலிருந்து இளம் அணுக்களை நோக்கி அம்புகள் பின்னோக்கி ஓடின. முதியவன் குழந்தையாவது போன்ற அபத்தம் அது.

காரணம் அவள் அறிந்ததே. படியெடுக்கும் வீதம் மாறாதது என்று கணக்கு கொள்கிறது. சிவப்பணு முதிர்கையில் சில மரபணுக்களின் வீதம் நடுவழியில் திடீரென உயர்கிறது. அந்த ஏற்றத்தை மென்பொருள் இறக்கமாகப் படித்துவிடுகிறது. 2021-லேயே இது ஆய்வுலகில் எடுத்துக்காட்டப்பட்டுவிட்டது.

"சிவப்பணுப் பகுதியை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் காட்டினால் என்ன? உன் கேள்வி அதைப் பற்றியது இல்லையே" என்றோம். மூன்றாண்டு உழைப்பு, உதவித்தொகை முடியும் காலம், வீட்டில் திருமணப் பேச்சு எல்லாம் நம் மனத்தில் இருந்தன. பரிவோடுதான் சொன்னோம்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "விடை தெரிந்த இடம் அது ஒன்றுதான் சித்தப்பா. அங்கேயே தப்பாகச் சொல்கிற அம்பை, விடை தெரியாத இடத்தில் எப்படி நம்புவது?" என்றாள்.

நம்மிடம் மறுமொழி இல்லை.

ஊர் திரும்பியதும் முழுப்படத்தையும் நெறியாளர் முன் வைத்தாள். வெவ்வேறு நாள் வளர்ச்சியுள்ள கருக்களிலிருந்து உயிரணுக்களை எடுத்து, மெய்யான காலத்தோடு ஒப்பிட்ட பிறகே அத்தடத்தைப் பற்றி எழுதுவது என்று முடிவாயிற்று. பட்டம் ஓராண்டு தள்ளிப் போகிறது. அண்ணனுக்கு வருத்தம்தான். நமக்கோ வெட்கம்.

அவ்வெட்கத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மிடம் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர், தம் முடிவுக்கு முரணான பாடவேறுபாடு ஒன்றை ஓர் ஏட்டுச்சுவடியில் கண்டு இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தார். ஓட்டம் கெடுகிறது, நீக்கிவிடுங்கள் என்று சிவப்பு மையால் கோடிட்டுத் தந்தவர்கள் நாமே. அன்றிரவு அவரைத் தொலைபேசியில் அழைத்து, அவ்விரு பக்கங்களையும் மீண்டும் சேர்த்துவிடச் சொன்னோம். "ஐயா, அப்படியென்றால் மூன்றாம் இயலை முழுதும் திருத்த வேண்டியிருக்குமே" என்றார். ஆம், திருத்தத்தான் வேண்டும் என்றோம்.

அண்ணன் மகளுக்குச் சொல்லும் எழுதி அனுப்பினோம்: ஆர்.என்.ஏ. திசைவேகம். வெறும் வேகம் என்று சொன்னால் போதாது.