ஏடறியா ஆட்டங்கள்

விளையாட்டு வீரர்களின் சுயசரிதைகளில் நமக்கு அத்துணை நாட்டமில்லை. வென்ற கோப்பைகளின் பட்டியலாகவே அவை பெரும்பாலும் முடிந்துவிடும். ஆயினும் அமெரிக்கக் கறுப்பின பேஸ்பால் வீச்சாளர் சாட்செல் பெய்ஜ் 1962-இல் வெளியிட்ட நினைவுகளை நாம் இருமுறை படித்தோம். முதல் முறை வாய்விட்டுச் சிரித்தோம். இரண்டாம் முறை அவ்வளவாகச் சிரிக்க இயலவில்லை.

அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் 1906-இல் வறிய குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். புகைவண்டி நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்ததால் 'சாட்செல்' என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதாம். சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்டிருந்த ஆண்டுகளில்தான் பந்தெறியும் கலை கைவந்தது.

நம்மவர் அறிந்த கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும். பேஸ்பாலிலோ 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து எறியப்படும் பந்து தரை தொடாமலே மட்டையாளரைக் கடந்து செல்ல வேண்டும். தோளும் முழங்கையும் படும் பாடு கொஞ்சமன்று. நாற்பதைத் தாண்டிய வீச்சாளர் அரியர். பெய்ஜின் கையும் 1938-இல் செயலற்றுப் போனது. இனி இவர் எறியமாட்டார் என்றே பலரும் முடிவு கட்டினர். கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் குழுவினர் அவரைத் தம் இரண்டாம் அணியில் சேர்த்துக்கொண்டனர். ஊர் ஊராகச் சுற்றி வருகையில் கை மீண்டது. அதற்குப் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் அது ஓயவில்லை.

தோழர்களைப் பற்றி அவர் கூறிவந்த கதைகள்தாம் எத்தனை! 'கூல் பாப்பா' பெல் என்னும் ஓட்டக்காரர் அறை விளக்கை அணைத்தால், இருள் கவியுமுன் படுக்கைக்குள் புகுந்துவிடுவாராம். உண்மையில் அவ்விடுதி அறையின் விளக்குப் பொத்தான் பழுதுற்றிருந்தது. அணைத்த பின்னும் விளக்கு சற்று நேரம் எரிந்தது. பெல் அதைக் கண்டுகொண்டு பெய்ஜிடமே பந்தயம் கட்டி வென்றார் என்பது பின்னர் வெளிவந்த செய்தி. தோற்றவரே அதனை ஊரெங்கும் புகழாகப் பரப்பினார் பாருங்கள், அந்த மனம் நமக்குப் பிடித்திருக்கிறது.

ஜாஷ் கிப்சன் கதை வேறு வகையானது. பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணியில் பெய்ஜின் பந்தைப் பிடித்த தோழர் அவர். மட்டை பிடித்தால் மலைபோல் நிற்பவர். 1942-இல் இருவரும் எதிரெதிர் அணிகளில் மோதினர். கிப்சனை எதிர்கொள்வதற்கென்றே பெய்ஜ் முந்தைய மட்டையாளர்களை வேண்டுமென்று தளத்துக்கு அனுப்பிவிட்டு, மூன்றே வீச்சில் நண்பரை வெளியேற்றினார் என்பர். அன்றைய செய்தித்தாள் குறிப்புகள் இதனை அப்படியே ஒப்புவதில்லை.

இவ்விடத்தில்தான் அறிஞர் சிலர் பெய்ஜை மிகைக்கூற்றாளர் என்று தள்ளிவிடுகின்றனர். நாம் உடன்படவில்லை. வெள்ளையர் ஆட்டங்கள் முறையாகப் பதிவாகின. கறுப்பர் ஆடியவற்றில் எத்தனையோ ஆட்டங்கள் எவர் ஏட்டிலும் ஏறாமற் போயின. உணவகத்தில் இடமில்லை, விடுதியில் அறையில்லை, கணக்குப் புத்தகத்திலும் வரியில்லை. அந்நிலையில் தோழனின் பெயரைக் காக்க ஒருவனிடம் எஞ்சியது நாக்கு மட்டுமே. அது சற்று நீளமாய் இருந்ததைக் குற்றமென்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

1947-இல் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்து உள்ளே சென்றபோது, அந்த முதலிடம் தமக்குரியதென்று எண்ணியிருந்த பெய்ஜின் உள்ளம் நொந்தது. அதை அவர் நூலில் மறைக்கவில்லை. மறு ஆண்டு, 42-ஆம் வயதில், கிளீவ்லாந்து அணி அவரை அழைத்தது. ஆகஸ்டில் அவர் முதன்முதலாக ஆட்டத்தைத் தொடங்கிவைத்தபோது காண வந்தோர் 72 ஆயிரத்துக்கும் மேல். அவ்வாண்டு ஆறு வெற்றி, ஒரே தோல்வி.

1965 செப்டம்பரில், 59 வயதில், கான்சாஸ் சிட்டியில் இன்னுமொரு முறை மேடேறினார். வேடிக்கைக்காக ஆடுநாற்காலியும் செவிலியும் ஏற்பாடு செய்திருந்தார் அணி உரிமையாளர். இச்செயல் நமக்கு உவப்பாயில்லை. ஆனால் முதியவர் மூன்று இன்னிங்ஸ் எறிந்து ஒரேயொரு அடியைத்தான் கொடுத்தார். அவர் வெளியேறியதும் அரங்கின் விளக்குகள் அணைந்தன. மக்கள் தீக்குச்சிகளைக் கொளுத்திப் பாடினர்.

1971-இல் புகழ்மன்றம் அவரை ஏற்க முன்வந்தது. முதலில் கறுப்பினத்தார்க்கெனத் தனிப்பகுதி ஒதுக்கவே எண்ணினர். கண்டனம் எழவே எல்லாரோடும் சமமாக இடமளித்தனர்.

கிப்சன் இவற்றில் எதையும் காணவில்லை. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் அவர் மறைந்தார். 1975 வரை அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. கறுப்பினக் கழகங்களின் எஞ்சிய கணக்குகள் 2024-இல் பேஸ்பாலின் பொது ஏட்டில் சேர்க்கப்பட்டன. நூறாண்டளவாக முதலிடத்தில் இருந்த டை காப்பின் .367 என்னும் மட்டைச் சராசரி அன்று இரண்டாமிடத்துக்கு இறங்கியது. அதன் மேல் .372 என்று எழுதி, பக்கத்தில் ஜாஷ் கிப்சன் பெயரைப் பொறித்தனர். பெய்ஜ் 1982-இலேயே காலமாகிவிட்டார்.