பத்துக்கு எத்தனை?

சித்தி பெண் எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறாள். ப்ராஜெக்டுக்காக ஒரு படிவம் கொண்டுவந்தாள். "அக்கா, பேரெல்லாம் வேணாம். உண்மையைப் போட்டாப் போதும்" என்றாள். முதல் கேள்வி இது: உங்கள் வேலைத்திறன் உச்சத்தில் இருந்த காலத்துக்கு 10 மதிப்பெண் என்றால், இன்றைக்கு எவ்வளவு?

8 போட்டேன். யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதியது.

அந்தப் படிவம் 1980களில் ஃபின்லாந்தில் உருவானதாம். வயதாகிக்கொண்டிருந்த நகராட்சி ஊழியர்களால் இன்னும் எத்தனை நாள் வேலை செய்ய முடியும் என்று பார்க்கப் புறப்பட்டவர்கள் செய்தது. மொத்தம் 49 மதிப்பெண். 27க்குள் வந்தால் மோசம். எனக்கு வயது 29. ஆறு வருஷமாக விமானத்தில் வேலை.

ராத்திரி ஒன்றரை மணிக்குக் கேப் வரும். அதற்குள் கொண்டை, லிப்ஸ்டிக், ஸ்டாக்கிங்ஸ் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சில நாள் நான்கு செக்டர். 180 இருக்கையும் நிரம்பினால், விடிந்து மதியம் ஆவதற்குள் 720 முகம். ரெண்டு நாள் அதிகாலை, அடுத்த நாள் நள்ளிரவு, அப்புறம் ஸ்டாண்ட்பை என்று ரோஸ்டர் புரண்டுகொண்டே இருக்கும். டாக்டரிடம் போனால் "நல்லாத் தூங்குங்கம்மா" என்கிறார். எப்போது என்று அவர் சொல்வதில்லை. சளி பிடித்தால் இறங்கும்போது காதுக்குள் ஊசி இறங்கும். லீவு போட்டால் பறந்த மணிக்கு வரும் காசு போய்விடும், இ.எம்.ஐ. நிற்காது. சாப்பாட்டு ட்ராலிகள் நிற்கும் இடத்துக்கு எங்கள் பாஷையில் கேலி என்று பெயர். சரியான பெயர்தான்.

உடம்பு வலியைக்கூடச் சமாளித்துவிடலாம். எனக்குப் பயம் வந்தது பெரியப்பா இறந்தபோது. முந்தின ராத்திரி ட்யூட்டி முடித்து நேராக ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவளை அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "என்னடி, சாவு வீட்ல நின்னு சிரிக்கிறே?" நான் சிரிப்பது எனக்குத் தெரியவே இல்லை. கை கூப்பி, தலையை லேசாகச் சாய்த்து, ஒவ்வொருவரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேனாம். பெரியம்மா இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

ட்ரெய்னிங்கில், கண்ணும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று சொல்லித்தந்திருந்தார்கள். ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் அமெரிக்க விமானப் பணிப்பெண்களைப் பார்த்து, 1983லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார் என்று தங்கை சொன்னாள். 'உணர்வு உழைப்பு' என்று பெயராம். பெயர் இருப்பது ஒரு வகையில் ஆறுதல்தான். ஆனால் பெரியம்மாவிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

அதன் பிறகு கதவு. தரையிறங்கி நின்றதும் கதவைத் திறக்கும் முன் அதன் ஸ்லைடு லீவரை மாற்ற வேண்டும். எதிர்க்கதவில் நிற்பவர் மாற்றிவிட்டாரா என்றும் கண்ணால் பார்க்க வேண்டும். மாற்றாமல் திறந்தால் அவசரச் சறுக்கு சில நொடிகளில் வெடித்து விரியும். வெளியே படிக்கட்டோடு ஆட்கள் நிற்பார்கள். அன்றைக்கு நாலாவது செக்டர். "செக்டு" என்று வாய் சொல்லிவிட்டது. கண் எங்கேயும் பார்க்கவில்லை. என் லீவரையே நான் மாற்றவில்லை. கைப்பிடியில் கை வைத்திருந்தேன். எதிரே நின்ற மணிப்பூர்ப் பெண் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. கேபில் போகும்போது இந்தியில் மெதுவாக "போய்த் தூங்கு" என்றாள், அவ்வளவுதான். அந்த மணிக்கட்டை இப்போதும் சில நேரம் நானே பிடித்துப் பார்க்கிறேன்.

இதற்கப்புறமும்தான் 8 போட்டிருக்கிறேன். பெயரில்லாத காகிதம், கேட்டது சொந்தத் தங்கை, பொய் சொல்லி ஒரு பைசா லாபம் இல்லை. பயணியிடம் சொல்லும் "ஆல் குட் சார்" மாதிரி அது வந்து விழுந்துவிட்டது. களைப்பாக இருக்கிறேன் என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை. எவ்வளவு களைப்பு என்று பார்க்க எனக்குள் இருந்த முள்ளே நின்றுபோயிருந்தது.

படிவத்தைத் திரும்ப வாங்கினேன். 8ஐ அடித்தேன். 5 என்று எழுதி, அதையும் அடித்து 3 போட்டேன். தங்கை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறாவதை விட்டுட்டேக்கா" என்றாள் பிறகு.

உங்கள் உடல்நிலையை வைத்துப் பார்த்தால், இரண்டு வருஷம் கழித்தும் இதே வேலையைச் செய்ய முடியுமா? முடியாது, தெரியவில்லை, முடியும் என்று மூன்று கட்டங்கள்.

மணி பத்தரை. ஒன்றரைக்குக் கேப். "நாளைக்கு வந்து போடறேன்" என்று சொல்லிவிட்டு அலாரம் வைத்தேன். அவள் பேனாவை எடுத்துக்கொள்ளாமல் படிவத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.