புள்ளி மட்டும் வச்சிருக்க, கோடு எங்க?

பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போடு என்பது தங்கமணி உத்தரவு. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை, ஆணி எதுவும் இல்லை. ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்தவன் மதர்போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

பச்சைப் பலகையில் செம்புக் கோடுகள். ப்ராசஸரிலிருந்து மெமரிக்குப் போகிற கோடுகளில் சில நேராகப் போகாமல், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. இடம்தான் இருக்கிறதே, நேராகப் போனால் என்ன? கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற நண்பரைக் கேட்டேன். கிட்டே இருக்கிற கோடும் தூரத்துக் கோடும் ஒரே நீளம் இருந்தால்தான் சேதி ஒரே நேரத்தில் போய்ச் சேருமாம். அதற்காகவே கிட்டே இருக்கிற கோட்டை வேண்டுமென்றே சுற்ற விடுகிறார்கள்.

சிப்புக்குள்ளே இதைவிட அழகான ஒரு ஏற்பாடு உண்டு. 'எச்' மரம் என்று பெயர். ஒரு கோடு போடுங்கள். அதன் இரண்டு முனையிலும் குறுக்காக ஒவ்வொரு சின்னக் கோடு. 'எச்' எழுத்து வந்துவிட்டதா? இப்போது அதன் நான்கு முனையிலும் இன்னும் சின்னக் கோடு. இப்படியே போனால் 2, 4, 8 என்று பெருகி, பத்தாவது சுற்றில் 1024 முனைகள். நடுவிலிருந்து எந்த முனைக்குப் போனாலும் ஒரே தூரம். சிப்பின் கடிகாரத் துடிப்பை எல்லா மூலைக்கும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த வடிவம் உதவுகிறது.

சின்னது பெரியதைப் போலவே இருக்கும் இந்த மாதிரி வடிவங்களுக்கு 1975-ல் 'ஃப்ராக்டல்' என்று பெயர் வைத்தவர் ஐபிஎம்மில் வேலை பார்த்த மாண்டல்பிராட். பி.காம் படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? எங்கள் கூட்டு வட்டியும் இதேதான் சார். வந்த விடையை அசலோடு சேர்த்து, அதே கணக்கை மறுபடி போடுவது. வட்டிக்கு வட்டி மாதிரி இங்கே வடிவத்துக்கு வடிவம் :-)

அப்புறம் 'அபோஃபிசிஸ்' என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். ஸ்காட் டிரேவ்ஸ் 1992-ல் உருவாக்கிய 'ஃப்ராக்டல் ஃப்ளேம்' கணக்கில் ஓடுவது. திரையில் முக்கோணங்கள் இருக்கும். அதைச் சுருக்கி, திருப்பி, நகர்த்தினால், கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான புள்ளிகளை வைத்துப் படமாக்கும். மதர்போர்டை ஸ்கேனரில் படுக்க வைத்து அதன் பச்சையையும் செம்பையும் ஈய வெள்ளியையும் நிறமாக எடுத்துக்கொண்டேன். 'எச்' மரத்துக்காக இரண்டு முக்கோணம், ஒவ்வொன்றும் 90 டிகிரி திருப்பி, 0.707 மடங்கு சுருக்கினேன்.

வந்தது என்ன தெரியுமா? ஒரு மொட்டை செவ்வகம்! முனைகளெல்லாம் ஒன்றையொன்று இடிக்காமல் நெருங்கி நெருங்கி இடத்தை முழுசாக அடைத்துவிட்டன. மூன்று ராத்திரி போனது. கடைசியில் 0.65 ஆகக் குறைத்தேன். சட்டென்று இடைவெளி விழுந்து, செவ்வகம் உடைந்து, இரண்டு இரண்டாக, நான்கு நான்காகப் புள்ளிக் கூட்டங்கள். எங்கள் வீட்டு முற்றம் ஞாபகம் வந்துவிட்டது.

இனி கொஞ்சம் கொசுவத்தி. எங்கள் ஊர் கோட்டுகால், நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் தமிழ்நாட்டுப் பக்கம் போக, நாங்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டோம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். ஓணத்துக்கு ஊர் முழுக்க அத்தப்பூ, மார்கழியில் எங்கள் முற்றத்தில் மட்டும் அம்மாவின் புள்ளிக்கோலம். அதை ஒரு கணக்காகவே பார்த்து, 1974-லேயே தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்குக் கம்ப்யூட்டர் இலக்கணம் எழுதிவிட்டார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு டிசம்பரில் அம்மாவுக்குப் பக்கவாதம், வலது கை விழுந்துவிட்டது. சேதி தம்பிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் வந்தது. அவன் அரை மணியில் ஆஸ்பத்திரியில் இருந்தான். எனக்கு ஆண்டு இறுதிக் கணக்கு. நான் போய்ச் சேர்ந்தது பதினோராம் நாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

படத்தைப் பார்த்த என் பையன், "அப்பா, இது கம்ப்யூட்டர் வரைஞ்சது, நீங்க இல்ல" என்றான். பதில் தெரியவில்லை. தம்பி மூலமாக அதை அம்மாவுக்குக் காட்டச் சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை போன் பண்ணினேன். பையன் சொன்னதையும் சொன்னேன்.

"புள்ளி எங்க வைக்கணும்னு சொன்னது யாரு மக்களே? நீதானே. மாவுக்கு என்ன தெரியும்?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா புள்ளி மட்டும் வச்சிருக்க, கோடு எங்க?"

"கோடு போட்டா இடம் அடைஞ்சு போவுதும்மா."

"ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லு."

போன வாரம் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். என் படத்தைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறான். அம்மா இடது கையால், பென்சிலால், நடுவிலிருந்த நான்கு கூட்டங்களைச் சுற்றி ஒரு சிக்குக் கோடு இழுத்திருக்கிறாள். கோணல்மாணல்தான். ஒரு இடத்தில் நடுங்கித் தாளே கிழிந்திருக்கிறது. ஆனால் புறப்பட்ட புள்ளியிலேயே வந்து முடிகிறது.

மிச்சக் கூட்டங்களை வரைய இன்னும் பெரிய தாள் வேண்டுமாம். நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த டிசம்பருக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆண்டுக் கணக்கை இந்த முறை வேறு யாராவது முடிக்கட்டும்.

பின்குறிப்பு: மதர்போர்டு இன்னும் குப்பைக்குப் போகவில்லை. தங்கமணிக்குத் தெரியாமல் அலமாரிக்கு மேலே இருக்கிறது.